பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம்

எங்கள் கில்ஃபின் வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்த யாரையாவது நிறுத்திக் கேளுங்கள், மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப எங்கே பழகினாய் என்று. கல்லறைத் தோட்டத்து வாசலில் என்பார்கள். பின்பக்கமாக எடுக்க? இடிந்த பழைய கோயில் சந்தில் என்பார்கள். எல்லோருக்கும் வாத்தியார் ஒருத்திதான், அட்ராக்டா கில்காயின். முப்பது வருடமாக இந்த மாயோ மாவட்டத்தில் டிரைவிங் சொல்லித்தருகிறாள். ஆனால் அவள் மனசு இருப்பது வேறொரு வேலையில். செத்துப்போனவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. யாருடைய பூட்டன் எந்த வீட்டில் பிறந்தான், எந்த வயலை உழுதான், எந்தக் குழியில் கிடக்கிறான் என்று தோண்டிக்கொண்டே இருப்பாள். அவள் போகவேண்டிய கல்லறைக்கும் பாதிரியார் வீட்டுக்கும், பாடம் படிக்க வருகிறவர்கள் காசு கொடுத்து அவளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பிழைப்பை நான் பார்த்ததில்லை.

அந்த மாணவர்களில் நானும் ஒருத்தி. பெயர் டிம்ப்னா. என் கணவர் ஜார்லத் டர்க்கன் இருந்தவரை அவர்தான் எங்கும் ஓட்டிப்போவார். அவர் போனபிறகு, பால் வாங்கக்கூட அடுத்தவர் தயவு என்று ஆனது. அறுபத்தோரு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அட்ராக்டா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பக்கத்து சீட்டில் அவள் காலுக்கடியில் இன்னொரு பிரேக் உண்டு. அதை மிதித்துக்கொண்டே பேசுவாள்.

"டிம்ப்னா, முன்னாடி ரோட்டப் பாரு. செத்தவங்களப் பாக்கறது என் வேல."

"நீ என்ன இந்தச் சந்துக்குள்ள கூட்டிட்டு வந்தா நானும் சீக்கிரம் அந்தக் கூட்டத்துல சேந்துருவேன்."

எனக்கும் ஒரு தொழில் உண்டு. வீட்டில் நாலு அறைகளைத் தங்க வருகிறவர்களுக்கு விடுகிறேன், காலைச் சாப்பாட்டோடு. வருகிறவர்களில் பாதிப் பேர் முன்னோரைத் தேடி வரும் அமெரிக்கர்கள். முட்டையும் சாசேஜும் வைத்தால் தட்டைப் பார்த்து அழுகிற ஜாதி. எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. அழுவதென்றால் சூடு ஆறுவதற்குள் அழுது முடியுங்கள் என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறேன்.

அட்ராக்டாவுக்கோ அவர்கள் என்றால் உயிர். ஆனால் அவர்கள் கொண்டுவரும் காகிதத்தை அவள் லேசில் நம்பமாட்டாள். "எங்க ஆளுங்க அரசாங்கத்துக்கிட்ட உண்மை சொன்னதே கிடையாது" என்பாள். எழுபது வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் வந்தபோது, பத்து வருடத்துக்கு முந்தைய குடிக்கணக்கில் ஐம்பத்தைந்து என்று சொன்னவர்கள் அடுத்த கணக்கில் எழுபத்திரண்டு ஆகிவிட்டார்களாம். அதனால் மூன்று பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். கோயில் ஏட்டில் ஞானஸ்நானம், அரசாங்க ஏட்டில் பிறப்பு, நிலவரி ஏட்டில் வீடும் வயலும். மூன்றும் ஒத்துப்போனால் சந்தோஷப்படமாட்டாள். ஒத்துப்போகாத இடத்தில்தான் அவளுக்குக் கண் மின்னும்.

இதில் பெரிய தொல்லை பெயர்கள். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்பது இங்கே மாறாத வழக்கம். அண்ணன் தம்பி ஐந்து பேர் இருந்தால் ஐந்து வீட்டிலும் மூத்தவன் ஒரே பெயரில் நிற்பான். என் கணவர் ஊரான டெரீனிலேயே டர்க்கன்கள் இரண்டு கிளை. மேட்டில் இருந்தவர்கள் மேட்டு டர்க்கன்கள், அது எங்கள் வீடு. பள்ளத்தில் இருப்பவர்கள் தலைமுடி நிறத்தால் செம்பட்டை டர்க்கன்கள். இரண்டும் மார்ட்டின், பேட் என்ற அண்ணன் தம்பியிலிருந்து வந்தவை. வயல் வழித் தகராறு ஒன்று எப்போதோ வந்து, அதிலிருந்து சாவு வீட்டில் மட்டும் கை குலுக்கிக்கொள்கிற உறவு.

மேட்டு வீட்டில் கடைசி ஆள் என் ஜார்லத். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைப் புதைத்த அன்று, இதோடு இந்த வீடு முடிந்தது என்று நானே சொன்னேன். எங்கள் கல்லறைக் கல்லை ஜார்லத் வீட்டார் அமெரிக்கக் கல் என்பார்கள். யாரோ அங்கிருந்து காசு அனுப்பி வைத்ததாம், யார் என்று ஜார்லத்துக்கும் தெரியாது. கல்லின் உச்சியில் மார்ட்டின், அவர் மனைவி ஹானர். அதற்குக் கீழே இரண்டு வரிக்கு வெற்றிடம். பிறகு மார்ட்டினின் மகன் ஜான், அவர் வழி ஆட்கள், கடைசியில் புல்லைத் தொட்டுக்கொண்டு ஜார்லத். நடுவில் அந்த இடைவெளி கல் கொத்தினவன் கணக்குத் தப்பியதால் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். கீழே இடமில்லாததால் அந்த வெற்றிடத்தை எனக்கென்று வைத்திருந்தேன். எனக்குப்பின் யார் கவலைப்படப் போகிறார்கள் என்று, கல் கொத்துபவரிடம் இப்போதே சொல்லியும் வைத்துவிட்டேன்.

போன மே மாதம் வாரன் டர்க்கன் வந்தார். அமெரிக்காவில் ஸ்க்ரான்டன் ஊர்க்காரர், எழுபது வயது, தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டிகளை மாடிக்கு அனுப்பினார், ஒரு சின்ன மரப்பெட்டியை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை. அதில் அவருடைய அப்பா லியோவின் அஸ்தி.

"எங்கப்பாவ வளத்தது அவரோட தாத்தா ஆன்டனிதான். இந்த டெரீன்ல பொறந்தவர். சுரங்கத்துல நாப்பது வருஷம் வேல பாத்தார். ஒரு நாள் ஊருக்குப் போய் அப்பா அம்மா பக்கத்துல படுத்துக்குவேன்னு சொல்லிட்டே இருப்பாராம். வரவே முடியல. 'தாத்தாவுக்குப் பதிலா என்னக் கொண்டு போய் அவங்க பக்கத்துல வை'ன்னு எங்கப்பா என்கிட்ட வாங்கின சத்தியம் இது."

அழவில்லை அவர். அதனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கையில் அரசாங்கப் பிறப்புப் பதிவின் நகல் இருந்தது. ஆன்டனி டர்க்கன், 1866 ஜூன் பத்து, டெரீன், அப்பா பேட். அப்படியென்றால் செம்பட்டை வீடு. ஜூன் பத்தாம் தேதிதான் ஆன்டனியின் பிறந்தநாள் என்று ஸ்க்ரான்டன் வீட்டில் இன்றுவரை ஒரு கிளாஸ் விஸ்கி ஊற்றி வைக்கிறார்களாம். இதைவிட என்ன வேண்டும்? பள்ளத்து வீட்டு ஃபெஸ்டி டர்க்கனுக்கு நானே போன் போட்டேன். ஃபெஸ்டி பத்து நிமிஷத்தில் வந்து வாரனை அப்படியே கட்டிக்கொண்டான்.

"வாய்யா என் ரத்தமே! எங்க வீட்டுலயும் ஒரு ஆன்டனி கப்பல் ஏறிப் போனான்னு எங்கப்பா சொல்வாரு. இத்தன வருஷம் எங்கய்யா போயிருந்தீங்க?"

வாரன் பதில் சொல்வதற்குள் ஃபெஸ்டி எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டான். சனிக்கிழமை பூசை, செம்பட்டைக் குடும்பக் குழியில் அடக்கம், பிறகு ஊர்க்கூடத்தில் சாண்ட்விச்சும் தேநீரும், அதன்பிறகு பார். வாரன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அட்ராக்டா அந்த நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள். அவள் ஒன்றை அழகு என்று சொன்னால் அதில் ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம்.

"ஞானஸ்நானம் பாத்தீங்களா?" என்று வாரனிடம் கேட்டாள்.

"இன்டர்நெட்ல அந்தப் பக்கம் ஒரே தண்ணிக் கறைங்க. படிக்க முடியல."

"அசல் ஏடு ஃபாதர் கோல்மன் வீட்டுல இருக்கு" என்றாள், அவ்வளவுதான். எனக்கு மறுநாள் பாடம் பாதிரியார் வீட்டு வழியாகத்தான் இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஃபாதர் வீட்டு வாசலில் என்னைக் காரில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனவள், நான் கண்ணாடியைச் சரிசெய்து, ரேடியோவில் சாவு அறிவிப்பு முழுவதும் கேட்டு முடித்தபிறகுதான் வந்தாள். முகம் சிவந்திருந்தது. சீட் பெல்ட் போடக்கூட மறந்தாள், அதற்காக என்னை இருபது தடவை திட்டியவள்.

"கிளப்பு. கல்லறைக்குப் போ."

"அங்க யார் காத்துட்டிருக்கா?"

"போடி, சொல்றேன்."

கல்லறைத் தோட்டத்து மேட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. பேட் வீட்டு ஆன்டனிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஏப்ரல் மூன்றாம் தேதி. அரசாங்கப் பதிவில் அவன் பிறந்ததே ஜூன் பத்து.

"என்னது? பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தண்ணி ஊத்திட்டாங்களா? வயித்து மேலயா ஊத்தினாங்க?"

"சிரி சிரி. அரசாங்கப் பதிவு அப்பத்தான் ரெண்டு வருஷமா வந்திருக்கு. எவனும் மதிக்கல. கெடு தாண்டிப் போனா அபராதம். பேட் உருளக்கிழங்கு வேலயெல்லாம் முடிச்சிட்டு ஜூலைல போய் நிக்கறான். ஏப்ரல்ல பொறந்ததுன்னு சொன்னா அபராதம் கட்டணும். அதனால கிட்டத்துல ஒரு தேதி சொல்லிட்டான். அந்தக் காலத்துல பாதி ஊர் அப்படித்தான் பொறந்தது. ஆனா ஞானஸ்நானத்துக்கு ஒருத்தனும் லேட் பண்ணமாட்டான். பிள்ள செத்து மோட்சம் போகாம நின்னுடுமேன்னு பயம். மறுநாளே தூக்கிட்டு ஓடுவாங்க. கோயில் தேதிதான் நிஜம்."

"சரி, ஏப்ரல்ல பொறந்தான். அதனால என்ன?"

"அதனால செம்பட்டை வீட்டுல யாரும் ஜூன் பத்தைப் பொறந்தநாள்னு கொண்டாடியிருக்கமாட்டாங்க. அது ஆபீசருக்குச் சொன்ன பொய். அந்தத் தேதி பேட்டுக்கு எங்கருந்து வந்தது? யோசி."

யோசிக்க அவள் எனக்கு நேரம் தரவில்லை.

"அதே ஏட்டுல ஜூன் பதினொண்ணு. ஆன்டனி டர்க்கன்னு இன்னொரு பிள்ள. அப்பா மார்ட்டின், அம்மா ஹானர். டெரீன், மேடு. முந்தின நாள், ஜூன் பத்து, பொறந்திருக்கான். ஸ்க்ரான்டன்ல விஸ்கி ஊத்தி வைக்கறது இவனுக்குத்தான். பேட்டுக்குச் சட்டுனு ஒரு தேதி வேணும், அண்ணன் வீட்டுல பிள்ள பொறந்த தேதி ஞாபகத்துல நின்னது, அதச் சொல்லிட்டான். அப்படித்தான் இருக்கணும்னு நான் நெனக்கறேன். மார்ட்டின் அவனுக்கு மேல சோம்பேறி. அக்டோபர்ல போய், செப்டம்பர்ல பொறந்ததுன்னு எழுதி வச்சிட்டான். இன்டர்நெட்ல ஜூன் பத்துன்னு தேடினா பேட் பையன்தான் வருவான். தேதி சரி, ஆள் தப்பு."

மார்ட்டின். ஹானர். எங்கள் கல்லின் உச்சியில் இருக்கும் இரண்டு பெயர்கள்.

"நிலவரி ஏட்டையும் பாத்துட்டேன்" என்றாள் அட்ராக்டா. "மேட்டு வீடு மார்ட்டினுக்கு அப்புறம் ஜான் பேருக்குப் போகுது. ஜான் ரெண்டாவது பையன். மூத்தவன் ஊர்ல இல்லாததால தான் அவனுக்குப் போயிருக்கு. வாரன் ஃபெஸ்டி ஆள் இல்ல டிம்ப்னா. உன் ஆள்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கணக்கில்லை. கிளட்சைச் சட்டென்று விட்டதில் வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

"என் ஆள் ஒருத்தர்தான். அவர் உள்ள படுத்திருக்கார். இத்தன வருஷமா எட்டிப் பாக்காத சொந்தம் இப்ப எதுக்கு? அண்ணன் தம்பி வீடுதான? எந்தக் குழியில போட்டா என்ன? அந்த மனுஷன் சந்தோஷமா இருக்கார், ஃபெஸ்டி சாண்ட்விச் சொல்லியாச்சு. உன் வாய மூடிட்டு இரு."

"நான் உன்கிட்ட சம்மதம் கேக்கல. அவர் என்கிட்ட கேட்டா உண்மையச் சொல்வேன். ஆனா குழி உன்னோடது. நீ வேணாம்னா அவருக்கு இடம் இல்ல. அதனால உனக்கு மொதல்ல சொன்னேன்."

"பெரிய தயவு."

"ஹேண்ட் பிரேக்கப் போடு, வண்டி உருளுது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை வாரனுக்குத் தட்டு வைத்தேன். முட்டை, சாசேஜ், ரத்தப் பொரியல், சோடா ரொட்டி. எதுவும் பேசக்கூடாது என்ற முடிவோடுதான் இருந்தேன். அவர் முகம் நேற்றுப்போல் இல்லை. என்ன ஆச்சு, ராத்திரி தூங்கலையா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம். நேத்து ஃபெஸ்டி என்ன அவங்க குழியப் பாக்கக் கூட்டிட்டுப் போனார். அங்க ஒரு இரும்புச் சிலுவதான் இருக்கு. கல்லக் காணோம்."

"எந்தக் கல்லு?"

"ஆன்டனி தாத்தா ஒரு வருஷம் புகையிலைய விட்டுட்டாராம். அந்தக் காசுல அப்பா அம்மாவுக்கு ஊர்ல கல்லு வைக்கச் சொல்லித் தம்பிக்கு அனுப்பினார்னு எங்கப்பா சொல்வார். அவங்க பேருக்குக் கீழ தனக்கு ஒரு இடம் விட்டு வைக்கச் சொன்னாராம். ஃபெஸ்டி புயல்ல உடஞ்சிருக்கும்ங்கறார். இருக்கலாம். ஆனா அந்தக் கல்லத் தொட்டுப் பாக்கணும்னு எங்கப்பா ரொம்ப ஆசப்பட்டார், அதான்."

நான் தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடி நின்றேன். தனக்கு ஒரு இடம் விட்டு வைக்கச் சொன்னாராம். எத்தனை முறை அந்த இடத்தை விரலால் அளந்து என் பெயருக்குச் சரியாக இருக்குமா என்று பார்த்திருக்கிறேன்! அட்ராக்டாவுக்கு இந்தக் கல் கதை தெரியாது. ஃபெஸ்டிக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் சனிக்கிழமை எல்லாம் நல்லபடி முடியும், என் இடமும் எனக்கே இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அந்த எண்ணம் வந்தது. வந்து, கெண்டி ஆறும்வரை நின்றது.

பிறகு ஜார்லத்தின் கோட்டை மாட்டினேன். "வாங்க. தட்ட அப்படியே வச்சிட்டு வாங்க."

"எங்க?"

"என் கார்ல. பயப்படாதீங்க, எனக்கு லைசென்ஸ் இன்னும் வரல. அட்ராக்டாவையும் வழியில ஏத்திக்கலாம்."

கல்லறை வாசல் மேட்டில் அன்றைக்கு வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. அட்ராக்டா மட்டும் அதைக் கவனித்தாள். வாரன் கல்லின் முன்னால் நின்று மார்ட்டின், ஹானர் என்று வாய்விட்டுப் படித்தார். அட்ராக்டா ஏடுகளில் கண்டதை நிதானமாக, வரிசையாகச் சொன்னாள். அவர் கேட்டாரா என்பது எனக்குச் சந்தேகம். அவர் கை அந்த வெற்றிடத்தின் மேலேயே இருந்தது. ஜார்லத் மாதிரி மூக்கு, ஜார்லத் மாதிரி காது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். துளிகூடக் கிடையாது. ஆனால் இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஜார்லத் நிற்பது போலவே நின்றவிதம் எனக்குப் பொறுக்கவில்லை. நான் அழுதேன். காலைச் சாப்பாட்டில் அழுகிறவர்களைத் திட்டிய அதே நான்.

வாரன் திரும்பி, "மேடம், இது உங்க குழி. நீங்க சொன்னாத்தான்" என்றார்.

"மேடமும் இல்ல ஒண்ணும் இல்ல. டிம்ப்னான்னு கூப்பிடுங்க. உங்க அண்ணன் பொண்டாட்டி நான்."

ஃபெஸ்டியிடம் சொல்லும் வேலை அட்ராக்டாவுக்கு விழுந்தது. அவன் கத்தினது என் வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

"ஒரு வாரமா என் ரத்தம் என் ரத்தம்னு ஊர் பூரா சொல்லிட்டிருக்கேன்! இப்ப மேட்டு வீட்டு ஆள்னா என் மானம் என்ன ஆறது? ஆமா, எங்க பேட் தாத்தன் பொய்யா சொன்னான்?"

"அபராதத்துக்குப் பயந்து சொன்னாரு, ஃபெஸ்டி. நீ போன வருஷம் கார் வரிக்குச் சொன்ன மாதிரி."

சனிக்கிழமை வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான், வீட்டோடு, சாண்ட்விச் தட்டுகளோடு. பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது முதல் பிடி மண்ணை வாரன் போட்டார், இரண்டாவது நான், மூன்றாவதற்கு ஃபெஸ்டி யாரையும் கேட்காமல் குனிந்தான். வயல் வழித் தகராறு என்னவென்று அன்றைக்குப் பாரில் கேட்டுப் பார்த்தோம். இரண்டு வீட்டிலும் யாருக்கும் ஞாபகமில்லை.

அட்ராக்டா தன் அறிக்கையை எழுதி வாரனிடம் கொடுத்தாள். அதில் ஞானஸ்நானம் இருந்தது, பிறப்பு இருந்தது, நிலவரி இருந்தது. கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரில் போகும்போது சண்டைக்குப் போனேன்.

"அந்த இடம் ஆன்டனிக்கு விட்டதுன்னு ஏன் எழுதல?"

"அதுக்கு ஆதாரம் இல்ல. கொத்தினவன் கணக்குத் தப்பியும் இருக்கலாம். தெரியாதத நான் எழுதமாட்டேன். வலது பக்கம் சிக்னல் போடு."

அவள் எழுதாவிட்டால் போகிறது. நான் கல் கொத்துபவரிடம் போய் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். எதிலும் சந்தேகப்படுகிற அட்ராக்டா என்னோடு வந்து, தன் டேப்பால் அந்த வெற்றிடத்தை அளந்தும் கொடுத்தாள். ஆன்டனிக்கு ஒரு வரி, லியோவுக்கு ஒரு வரி, சரியாக உட்கார்ந்தது. எனக்கு இப்போது அந்தக் கல்லில் இடமில்லை. ஜார்லத்தின் காலடியில் புல்லை வெட்டி மண்ணைக் கொஞ்சம் இறக்கினால் ஒரு வரி வரும் என்று கல் கொத்துபவர் சொல்லியிருக்கிறார். அங்கே என் பெயரைக் கொத்தவேண்டிய நாள் வந்தால் தனக்குத் தகவல் சொல்லச் சொல்லி, வாரன் தன் முகவரியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.